வீட்டுக்குக் கொடுத்த பதவி

பேனரில் ரிஜோ கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். சார்ஜாவில் எடுத்த படம். பின்னால் ஒரு பேரீச்சை மரமும், யாருடையதோ ஒரு வெள்ளைக் காரும். ‘மூத்த வடிவமைப்புப் பொறியாளராகப் பொறுப்பேற்கும் எங்கள் பாசமிகு அண்ணன்’ என்று மேலே சிவப்பில் எழுதி, கீழே அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் தபால்தலை அளவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இனயம் கோயிலை விட்டு வெளியே வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ரிஜோவின் அக்கா ஜெனிலாவும் பார்த்தாள்.

ஜெனிலாவை உங்களுக்குத் தெரியும். மரியானின் மூத்த மகள். மாப்பிள்ளை கிளீட்டஸ் கப்பலுக்குப் போயிருப்பதால் தலைப்பிரசவத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே தாய்வீடு வந்து சேர்ந்தவள். ஏழு மாத வயிற்றோடு தினமும் பஸ் பிடித்துக் கோட்டாறில் கோலப்பன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். கடற்கரையில் வீணாகக் கிடக்கும் நைலான் வலைகளைக் கழுவி, அரைத்து, உருக்கி, மறுபடி நூலாகத் திரிக்கிற குருணையாக மாற்றும் எந்திரம் ஒன்றை அவள் வரைந்து, மயிலாடிப் பக்கம் ஒரு கொட்டகையில், கல் கொத்துகிற சத்தத்துக்கு நடுவில், ஓடவும் வைத்துவிட்டாள். வலையைக் கரையில் போட்டு எரித்துக் கரும்புகையை நாம் தின்றதெல்லாம் இனி வேண்டாம். கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வாய்க்காலுக்குப் போகாது. தொட்டி தொட்டியாகத் தெளிந்து எந்திரத்துக்கே திரும்பும். அதற்காக, மாதக் கடைசியில் மூத்த வடிவமைப்புப் பொறியாளர் பதவி உனக்குத்தான் என்று முதலாளி கோலப்பன் வாயால் சொன்னார். அதுவரை போன வாரமே படித்துவிட்டீர்கள்.

இப்போது மாதம் முடிந்தது. பதவி வந்துவிட்டது. ஆனால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

“வாழ்த்துக்கள் கேட்டியா வேளாங்கண்ணி! மகன் பெரிய ஆளாயிட்டானே!” என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஜெனிலாவின் அம்மா வேளாங்கண்ணி முக்காட்டை இழுத்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று மகளைப் பார்த்தாள். மகள் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இது யாருக்க வேலை?”

“வீட்டுக்குப் போயி பறைவோம், நட.”

“இது எனக்க வேலையாக்கும்.”

“அதான் வீட்டுக்குப் போயிட்டு பறைவோம்னு சொல்லுதேன்லா! ஏட்டி, கோயில் நடையில வச்சு மானத்த வாங்காத.”

இந்த ஊரில் மானம் எப்போதும் கோயில் நடையில்தான் இருக்கும். வீட்டுக்குள் என்ன அநியாயம் நடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

*

மரியான் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கோட்டாறிலிருந்து ரிஜோவுக்குப் பெண் கொடுக்க விரும்புகிறவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். பம்பு செட்டு கடை வைத்திருக்கும் யேசுரத்தினம். பெண்ணின் பெயர் அபினா. ரிஜோ சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தபோது இதே யேசுரத்தினத்தின் கண்ணில் அவன் படவில்லை. திரும்பி வந்து சும்மா இருந்தபோதும் படவில்லை. பதவி வந்ததும் பட்டுவிட்டான்.

“அப்பா, கோலப்பன் சாரை நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்.” மரியான் கையிலிருந்த துணியை உதறினார். “அதுல என்ன மக்ளே இருக்கு? நீ பஸ்ஸுல ஓங்கரிச்சிக்கிட்டுப் போறத பாத்துக்கிட்டு ஒரு தகப்பன் சும்மா இருப்பானா? போனேன். எனக்க மகளுக்கு இப்பம் முடியாது, அவளுக்க எடத்துல எனக்க மகன் வருவான்னேன். மொதலாளி தங்கமான மனுஷன். உடனே சரின்னுட்டாரு.”

“எங்கிட்ட கேட்டியளா?”

“கேக்கதுக்கு என்ன இருக்கு? நான் காய்ச்சலா கெடந்தப்பம் எனக்க தம்பி வள்ளத்துல ஏறல்லியா? ஆளு குறைஞ்சா அதே வீட்டு ஆளு ஏறணும். பங்கு வீட்டுக்கு வரணும். நம்ம கடப்புறத்துல அதுதான் முறை.”

சத்தியமாகச் சொல்கிறேன், மரியான் இதை நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். ஐம்பது வருடமாக வள்ளத்தில் போன மனிதருக்கு வேலை என்றால் இடம். இடம் வீட்டுக்கு உரியது. அதில் யார் உட்கார்ந்து வலை இழுக்கிறார்கள் என்பது அன்றன்றைக்கு யாருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கரையில் அது நியாயமான முறைதான். ஆனால் கம்ப்யூட்டரில் வலை இழுப்பதில்லை என்று அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டிய ஒரே ஆள் கோலப்பன். கோலப்பன் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் பொறுங்கள், பார்க்கலாம்.

“சித்தப்பா ஏறினாரு, சரி. நீங்க சுகமாயி வந்தப்பம் எடத்த விட்டுத் தந்தாரா?”

“தராம? தம்பியில்லா!”

“ரிஜோ தருவானா?”

“ஏன், தருவான்.”

“எப்படித் தருவான் அப்பா? அந்த எடத்த காட்டித்தான பொண்ணு கெட்டப் போறான்? புள்ளைய பெத்துட்டு நான் போயி, எந்திரிலே மாப்பிளே, இது எனக்க நாற்காலின்னு சொன்னா அவனுக்க மாமனாரு விடுவாரா?”

மரியான் துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார். அவருக்கு இது தோன்றியிருக்கவில்லை.

வேளாங்கண்ணி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். “மெதுவா பறையிட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆளு நிக்குது.”

நின்றது நான்தான். அதற்கென்ன?

“வீட்டுக்குள்ள வரப்பட்ட சம்பளம், யாருக்க பேருல வந்தா என்ன?” என்று வேளாங்கண்ணி குரலைத் தாழ்த்தினாள். “நாளைக்கு நீ புள்ளைய பாக்கண்டாமா? அவன் ஆம்பள. அவனுக்கு ஒரு வழி ஆகண்டாமா? எல்லாம் ஒரே வீடுதானே?”

“ஒரே வீடுதானே. அப்பம் அப்பாக்க பேருல கெடக்கிய வள்ளத்த சித்தப்பா பேருக்கு மாத்தி எழுதுவமா?”

“அது எப்படி?” என்று மரியான் துள்ளி எழுந்தார். “அது நான் எனக்க ரத்தத்த ஊத்தி வாங்கின வள்ளமாக்கும்!”

“இதுவும் அப்படித்தான் அப்பா.”

அப்போதுதான் ரிஜோ குளித்துவிட்டு, மணக்க மணக்க, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தான்.

“ஏலே, நில்லு. ஒனக்குத் தெரியுமா?”

“அப்பா சொன்னாவ... நீ வேலைய விடப்போறன்னு.”

“நான் சொன்னனா?”

“இல்ல.”

“எங்கிட்ட வந்து கேட்டியா?”

ரிஜோ சட்டைப் பொத்தானைத் திருகினான். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று பதில் வரும் என்று தெரிந்த கேள்வியை எந்த ஆண்பிள்ளை கேட்டிருக்கிறான்? இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

*

கோலப்பன் ஞாயிற்றுக்கிழமையிலும் முதல் மணியிலேயே போனை எடுத்தார். எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறார்.

“கேட்டியா ஜெனிலா, நானே கூப்பிடணும்னு நெனச்சேன். சந்தோஷந்தானே?”

“அந்தப் பதவி எனக்குன்னு சொன்னீங்க சார்.”

“குடுத்தாச்சேம்மா, உங்க வீட்டுக்கு! அப்பா வந்து வாக்கு குடுத்துட்டுல்லா போனாரு? நீ எதுக்கு இனி பஸ்ஸுல இடிபட்டுட்டு வரணும்? வீட்ல இரு. காலை நீட்டிக்கிட்டு படத்த வரை. தம்பி கையில குடுத்து விடு. அவன் இங்க நாற்காலியில இருப்பான். வரப்பட்ட பார்ட்டிக்கும் ஒரு ஆம்பள ஆளு முன்னால நின்னாத்தான் ஒரு இது. எனக்கும் பிரசவ லீவு, ஆளு மாத்து, அந்தத் தலைவலியெல்லாம் இல்ல. எல்லாருக்கும் நல்லதுதானே?”

இதைத்தான் பொறுக்கச் சொன்னேன். மரியான் அறியாமல் ஒரு தப்புச் செய்தார். இந்த மனிதர் அதை அறிந்து பத்திரமாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். வரைவது ஒருத்தி, பேர் ஒருத்தனுக்கு, பிரசவ விடுப்பு யாருக்கும் கிடையாது. ஏனென்றால் ரிஜோவுக்குப் பிரசவம் வராதல்லவா? இதைவிடச் சுத்தமான மறுசுழற்சியை அந்த எந்திரத்தாலேயே செய்ய முடியாது.

“நாளைக்கு சென்னையிலேருந்து எந்திரம் வாங்க ஆபேல் சார் டீம் வருது,” என்றாள் ஜெனிலா. “எந்திரத்த யாரு விளக்குவா?”

“நீ ராத்திரி தம்பிக்குச் சொல்லிக் குடு. அவன் கெட்டிக்காரப் பய, புடிச்சுக்கிடுவான்.”

ஆறு வருடப் படிப்பும் வேலையும் ஒரு ராத்திரியில் பிடித்துக்கொள்ளக்கூடியவை என்று ஜெனிலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போனை வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் வேளாங்கண்ணிக்குச் சமாதானம் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

*

யேசுரத்தினமும் மனைவி ரெஜினாளும் வந்து இறங்கியபோது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. மரியான் செய்தித்தாளை எடுத்துச் சம்பந்திக்கு வீசத் தொடங்கினார்.

யேசுரத்தினம் நல்ல மனிதர். கடைக்காரர். பேச்சு எங்கே தொடங்கினாலும் பம்பில்தான் போய் நிற்கும். ரெஜினாள் அடுக்களை, கிணறு, கழிப்பறை எல்லாவற்றையும் கண்ணாலேயே ஒரு முறை கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜெனிலா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள்.

“தம்பி, ஒரு விஷயம்,” என்று யேசுரத்தினம் ரிஜோ பக்கம் சாய்ந்தார். “உங்க எந்திரத்த நான் மயிலாடிக்குப் போனப்பம் எட்டிப் பாத்தேன். கொள்ளாம். ஆனா கடல் வலையில ஒரே மணலும் உப்புமில்லா? அந்தத் தண்ணிய சுத்தி அடிக்கணும்னா பம்பு உள்ள ஒரு மாசத்துல தேஞ்சு போவுமே. என்ன பம்பு போட்டிருக்கிய?”

“பெரிய பம்புதான் மாமா.”

“எத்தன ஹெச்.பி.?”

“நல்ல... ஹெச்.பி. மாமா.”

மரியான் இன்னும் வேகமாக வீசினார். யேசுரத்தினம் சிரித்தார். கூச்சம் என்று நினைத்தார் போல.

“இல்ல, மணலுக்கு என்ன செஞ்சியன்னு கேட்டேன்.”

ரிஜோ அக்காவைப் பார்த்தான். வேளாங்கண்ணியும் பார்த்தாள். சொல்லிக்கொடு என்று கண்ணால் கெஞ்சினாள். அவள் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும், தம்பி அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவான். கல்யாணம் நடக்கும். அவள் நாற்காலியும் அத்தோடு போகும்.

ஜெனிலா தட்டை முக்காலியில் வைத்தாள்.

“அவனுக்குத் தெரியாது மாமா. அது எனக்க எந்திரமாக்கும். மணல் பம்புக்குள்ள போறதுக்கு முன்னாலயே தொட்டியில படிஞ்சிரும். தெளிஞ்ச தண்ணியத்தான் பம்பு இழுக்கும். அதனால சின்ன பம்பே போதும்.”

செய்தித்தாள் நின்றது.

“அப்போ தம்பி?” என்றார் யேசுரத்தினம்.

“ரெண்டும் ஒரே வீடுதானே சம்பந்தி,” என்று மரியான் குறுக்கே விழுந்தார். “வள்ளத்துல ஒரு ஆளுக்குப் பதிலு...”

“நான் பொண்ண வள்ளத்துக்குக் குடுக்க வரல்ல மரியான். ஒரு ஆளுக்குக் குடுக்க வந்தேன். எந்த ஆளுக்குன்னு சொல்லும்.”

ரிஜோ எழுந்தான். ஏதாவது சொல்வான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான். இஸ்திரிச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை.

“பாவி!” என்று வேளாங்கண்ணி மகளைப் பார்த்துக் கத்தினாள். “ஒரு நல்ல காரியத்த அழிச்சுப் போட்டியே! அவன் ஒனக்க கூடப்பொறந்தவனில்லியா?”

“நான் ஆருக்க கூடப்பொறந்தவ அம்மா? அத மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கியளே!”

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் அதை இதுவரை கேட்டதில்லை.

ரெஜினாள்தான் முதலில் எழுந்தாள். “புறப்படுவோம்” என்று கணவரிடம் சொன்னாள். அவர்கள் காரில் ஏறப்போகும்போது ஜெனிலா கைப்பையோடு பின்னாலேயே வந்தாள்.

“மாமா, கோட்டாறுக்குத்தானே? என்னைக் கோலப்பன் சார் வீட்ல இறக்கி விடுவியளா?”

யேசுரத்தினம் திகைத்தார். அழிந்துபோன கல்யாணப் பேச்சின் நாத்தனாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போக இந்த ஜில்லாவில் முறை ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ரெஜினாள் பின் கதவைத் திறந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நானும் வாறேன் மக்ளே,” என்று மரியான் வேட்டியை மடித்துக்கொண்டு வந்தார். “நான் சொல்லி வந்த வினை. நானே பேசி...”

“வேண்டாம் அப்பா. நீங்க வந்தா நீங்கதான் பேசுவிய.”

கார் போய்விட்டது. மரியான் கையில் மடித்த செய்தித்தாளோடு ரோட்டிலேயே நின்றார். அவருக்காக வருத்தப்படவும் செய்தேன், கோபப்படவும் செய்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

*

கோட்டாறில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ரெஜினாள் காரிலேயே காத்திருக்கவில்லை. ஜெனிலாவுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ரெஜினாளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. மிச்சம் உங்களுக்கே புரியும்.

கோலப்பன் பனியனோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். ஜெனிலாவைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“என்னம்மா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?”

“பதவி எனக்கா, தம்பிக்கா சார்?”

“அதான் போன்ல சொன்னேனே. உங்க வீட்டுக்கு...”

“வீட்டுக்கு வேண்டாம் சார். எனக்குத் தாங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க.”

“இப்படி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசினா எப்படி? உன் அப்பா வாக்கு...”

“எனக்க வாக்க நான்தான் குடுக்கணும்.”

உள்ளேயிருந்து கோலப்பனின் மனைவி சொர்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். “புள்ளத்தாச்சிய நிக்க வச்சா பேசுதிய? இரும்மா. காப்பி போடுதேன்.”

ஜெனிலா உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மூன்று மாதமாகச் சென்னை ஆபேல் தொட்டியைப் பற்றியும் வலை அரைக்கிற கத்தியைப் பற்றியும் சந்தேகம் கேட்டது அவளிடம்தான். எண் மனப்பாடம். ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயின் நடுவில் வைத்தாள். கோலப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“ஏய், என்ன செய்யுத?”

“சொல்லுங்க ஜெனிலா மேடம்!” என்றது போன். “நாளைக்குக் காலையில நாங்க அங்க இருப்போம். எந்திரம் ரெடிதானே?”

“எந்திரம் ரெடி சார். அத உங்களுக்கு யாரு விளக்குவாங்கன்னு கோலப்பன் சார் சொல்லணும்னாங்க. பக்கத்துலதான் இருக்காங்க.” போனை அவர் பக்கம் நகர்த்தினாள். “சொல்லுங்க சார். வடிவமைச்சது யாருன்னு.”

கோலப்பன் போனைப் பார்த்தார். ஜெனிலாவைப் பார்த்தார். சோபாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த ரெஜினாளைப் பார்த்தார். காப்பியோடு வந்து நின்ற தன் மனைவியையும் பார்த்தார். எந்தப் பக்கமும் ஓட வழியில்லை.

“ஹலோ? கோலப்பன் சார்?”

“ஆங்... வணக்கம் சார்.” தொண்டையைக் கனைத்தார். “எல்லாம் நம்ம சீனியர் டிசைன் இஞ்சினியர்தான் விளக்குவாங்க சார்.”

“யாரு சார் அது?”

சொர்ணம்மாள் டம்ளரை டீப்பாயில் டொக்கென்று வைத்தாள்.

“ஜெனிலா மேடந்தான் சார். வேற யாரு?”

“அதானே, வேற யாரு!” என்று ஆபேல் சிரித்துவிட்டு வைத்தார்.

கோலப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். முதலாளிகள் தோற்றுப்போனால் உடனே தாராளமாகிவிடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் ஆகவில்லை.

“சரி. உனக்க ஆசைப்படியே ஆச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அந்த நாற்காலிக்கு லீவு கெடையாது. பிரசவம் அது இதுன்னு நாளைக்கு வந்து நிக்கக்கூடாது.”

ஜெனிலா காப்பியை எடுத்து நிதானமாகக் குடித்து முடித்தாள்.

“நாளைக்கு ஒம்பது மணிக்கு வாறேன் சார். எந்திரத்த விளக்கி முடிச்சதும் லீவப் பத்திப் பேசுவோம். ஆபேல் சார் முன்னால வச்சே பேசுவோம்.”

எழுந்தாள். ரெஜினாளும் எழுந்தாள். அப்போது ஜன்னல் ஓரத்தில் கிடந்த கோலப்பனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகத்தில், அன்று மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. போனைத் திருப்பி ஜெனிலாவிடம் காட்டினார்.

ரிஜோ.

“பேசட்டா, வேண்டாமா?” என்றார் கோலப்பன்.

“எடுங்க சார்,” என்றாள் ஜெனிலா. “ஸ்பீக்கர்ல போடுங்க.”

எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள். ரிஜோ சொன்னது அடுத்த வாரம்.